வீட்டுக் கணினி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. குறைந்த செலவில் வீட்டுக்கு ஒரு கணினி வேண்டும், எதைப் பார்த்து வாங்குவது? ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: இணையம் பார்க்க, பில் கட்ட, பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்ய ஒரு கணினி வேண்டும். ஐ3 போதும் என்கிறார் அண்ணன். ஐ5-க்குக் கீழே போகவே போகாதே என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

ஐ3, ஐ5 என்பவை இன்டெல் நிறுவனத்தின் பிராசஸர் வகைகள். பிராசஸர்தான் கணினியின் மூளை. இருவரும் அதை மட்டுமே பார்க்கிறார்கள். நீங்கள் சொன்ன வேலைகளில் பிராசஸர் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். கணினி இழுக்கிறது, அப்படியே நின்றுவிடுகிறது என்று வீடுகளில் சொல்லப்படுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, உள்ளே சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். மற்றது, ரேம் (திறந்திருக்கும் வேலைகளை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) போதாமை.

ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தகட்டின் மேல் ஒரு சிறிய கை நகர்ந்து நகர்ந்துதான் தகவலைப் படிக்கிறது. லேப்டாப்களில் அந்தத் தகடு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். விண்டோஸ் தொடங்கும்போது அங்கங்கே கிடக்கும் ஏராளமான சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை இடம் மாறியாக வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும், சிப்களில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. அதனால்தான் ஹார்டு டிஸ்க் போட்ட ஐ7 கணினியைவிட, எஸ்எஸ்டி போட்ட ஐ3 கணினி கையில் வேகமாகத் தெரிகிறது.

ஆகவே என் வரிசை இது: முதலில் எஸ்எஸ்டி, அடுத்து 8 ஜிபி ரேம் (பட்ஜெட் இடம் கொடுத்தால் 16), பிறகு நல்ல திரை, கடைசியில்தான் பிராசஸர்.

அந்தக் கடைசி இடத்திலும் ஒரு கவனம் வேண்டும். ஸ்டிக்கரில் இருக்கும் ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் ஒரே தலைமுறைக்குள் எது பெரியது, எது சிறியது என்று மட்டுமே சொல்லும். சரக்கு எந்த ஆண்டினது என்று சொல்லாது. அதற்கு, பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1235 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2015-இல் வந்த ஐ5 6500, மின்தேவையில் 65 வாட் பிரிவைச் சேர்ந்த டெஸ்க்டாப் பிராசஸர். 2023-இல் வந்த இன்டெல் என்100 வெறும் 6 வாட் பிரிவு. மொத்த வேகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐ5 என்ற பெயர் மட்டும் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியிலும் இதே கதை. 7000 வரிசை லேப்டாப் பிராசஸர்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520 என்பதில் அந்த இடத்தில் 2 இருக்கிறது: அது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. 7530-இல் 3, அதாவது அடுத்த தலைமுறை. வீட்டு வேலைக்கு 7520 தாராளமாகப் போதும். ஆனால் புத்தம் புதியது என்று எண்ணி அதற்குக் கூடுதல் விலை கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: பெயர் பெற்ற நிறுவனத்தின் புது லேப்டாப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (மலிவு வகைச் சேமிப்பகம்). விலை மிகக் குறைவு. மகளின் படிப்புக்கு வாங்கலாமா?

வேண்டாம். இந்த வகை லேப்டாப்கள் மாணவர்களுக்கென்றே விளம்பரப்படுத்தப்படுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும். விண்டோஸ் நிறுவப்படும் என்பதற்கு மேல் அதில் எந்த வாக்குறுதியும் இல்லை. ஒரு வீடியோ வகுப்பு, பக்கத்தில் நான்கைந்து டேப் என்று திறந்தாலே ரேம் நிரம்பிவிடும். பெரிய அப்டேட் வரும்போது இடம் போதவில்லை என்று நிற்கும். இவற்றில் ரேமும் சேமிப்பகமும் பெரும்பாலும் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்ட வழியே இல்லை. அதே பணத்துக்கு நல்ல நிலையில் உள்ள பழைய அலுவலக லேப்டாப் ஒன்று கிடைக்குமா என்று பாருங்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது கீழே இருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. செய்தி படிப்பார், பேரப்பிள்ளைகளோடு வீடியோ காலில் பேசுவார், தமிழில் கொஞ்சம் எழுதுவார். ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் பயன்படுத்துவார். லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

டெஸ்க்டாப்தான். ஆனால் பெரிய கேபினெட் வேண்டாம். மினி பிசி வாங்குங்கள்.

லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டியவை. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனிய வேண்டும். கண் மட்டத்துக்குத் தூக்கினால் கை எட்டாது. எழுபது வயதுக் கழுத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. 24 அங்குல மானிட்டர், எழுத்துகள் பெரிதாக அச்சிட்ட முழு அளவு கீபோர்டு, கைக்கு அடங்கும் மவுஸ், இந்த மூன்றும் அவருக்குக் கிடைத்தால் பாதிச் சிரமம் குறைந்துவிடும். மானிட்டர் 1920 க்கு 1080 புள்ளிகள் கொண்டதாக, ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் மங்காது. விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே அளவை 125 அல்லது 150 சதவீதமாக வைத்துவிடுங்கள். எழுத்து, பட்டன் எல்லாமே பெரிதாகும்.

மினி பிசி என்பது உள்ளங்கையை விடச் சற்றே பெரிய பெட்டி. பல மாடல்களை மானிட்டரின் பின்புறமே திருகி மாட்டலாம். மேசையில் இடம் பிடிக்காது. என்100 போன்ற பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, அவர் தேவைக்கு இது நிறைவானது. மின்செலவும் மிகக் குறைவு. நாளைக்குப் பெட்டி பழுதானாலும் மானிட்டரும் கீபோர்டும் அப்படியே இருக்கும். நல்ல மானிட்டர் இரண்டு, மூன்று கணினிகளின் ஆயுளைத் தாண்டி உழைக்கும். இதே காரணத்தால்தான் திரைக்குள்ளேயே கணினி அடங்கிய ஆல்-இன்-ஒன் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. ஒன்று போனால் எல்லாமே போகும்.

வாங்கும்போது மறந்துபோகிற ஒன்று உண்டு. மினி பிசியில் பொதுவாகக் கேமரா, மைக் கிடையாது. ஸ்பீக்கரும் பெரும்பாலும் இருக்காது. மைக்கோடு சேர்ந்த யுஎஸ்பி வெப்கேம் ஒன்றும் சிறிய ஸ்பீக்கரும் பட்டியலில் சேருங்கள். அடிக்கடி மின்சாரம் நிற்கும் இடமானால் ஒரு யுபிஎஸ்ஸும் தேவை. இவற்றின் விலையையும் கூட்டிய பிறகே லேப்டாப் விலையோடு ஒப்பிடுங்கள்.

தமிழில் எழுதத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இலேயே தமிழ் கீபோர்டுகள் இருக்கின்றன, தமிழ்99 உட்பட. மொழி அமைப்பில் சேர்த்தால் போதும்.

கேள்வி: வீட்டில் ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப் இருக்கிறது. ஆன் செய்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு நேரம். விண்டோஸ் 10 வேறு முடிந்துவிட்டது என்கிறார்கள். தூக்கிப் போட வேண்டியதுதானா?

தூக்கிப் போடாதீர்கள். புதுக் கணினி தேடுகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

உங்கள் லேப்டாப்பில் இருப்பது ஹார்டு டிஸ்க்காகத்தான் இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் பொருந்தும் 2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி போடுங்கள். திருகுகள் கழற்றத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலை. பழைய டிஸ்க்கில் உள்ளதை முதலில் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் 4 ஜிபிதான் என்றால் 8 ஆக்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் கணினி தயாராகி நிற்பதைப் பார்ப்பீர்கள்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை, என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். ஏறும், ஆனால் தகுதியில்லாத கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அந்த நிச்சயமின்மை எனக்குச் சம்மதமில்லை.

உங்களுக்கு ஏற்ற வழி, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். இலவசம். விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. கீழே பட்டை, மூலையில் மெனு, எல்லாம் அதே இடத்தில். முக்கியமான வசதி, அதை நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று இரண்டு நாள் பயன்படுத்திவிட்டு முடிவெடுங்கள். பிரவுசரில் நடக்கிற வேலை எல்லாம் வழக்கம்போல் நடக்கும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளோ, டிஜிட்டல் கையொப்பக் கருவியோ உங்களுக்கு அவசியம் என்றால் மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுபடி விற்கப்படும் பழைய கணினி) வாங்கப் பயமாக இருக்கிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

முதலில், எது வாங்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்கென்று மலிவாகச் செய்யப்பட்ட பழைய லேப்டாப்பைத் தொடாதீர்கள். அலுவலகங்களுக்கென்று செய்யப்பட்டவற்றைத் தேடுங்கள்: டெல் லாட்டிடியூட், லெனோவோ திங்க்பேட், எச்பி எலைட்புக். டெஸ்க்டாப் என்றால் ஆப்டிப்ளெக்ஸ், திங்க்சென்டர், எலைட்டெஸ்க். நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இவற்றை மொத்தமாக மாற்றுவதால்தான் நல்ல சரக்கு சந்தைக்கு வருகிறது. கீல் உறுதியாக இருக்கும், கீபோர்டு நன்றாக இருக்கும், உதிரிபாகம் கிடைக்கும், கழற்றும் முறையை விளக்கும் கையேடுகளையும் நிறுவனங்களே வெளியிடுகின்றன. எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்.

நேரில் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். ஆன் செய்து, திரை முழுக்க வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து கறை, கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்துங்கள். எல்லா யுஎஸ்பி துளைகளிலும் பென் டிரைவைச் செருகுங்கள். கேமராவைத் திறந்து பேசிப் பதிவு செய்து கேளுங்கள். விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தைக் காட்டும். பயாஸ் திரைக்குள் (விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போகச் சொல்லுங்கள். அங்கே பாஸ்வேர்டு கேட்டால் அந்தக் கணினியை விட்டுவிடுங்கள். பழைய நிறுவனத்தின் பூட்டு இன்னும் எடுக்கப்படவில்லை என்று பொருள். அது உங்களைப் பின்னால் மாட்டிவிடும்.

பேட்டரியைப் பற்றி நம்பிக்கை வைக்காதீர்கள். தேய்ந்திருக்கும் என்றே எடுத்துக்கொண்டு, புது பேட்டரியின் விலையைப் பேரத்தில் சேருங்கள். வாரண்டி எத்தனை மாதம், திருப்பித் தர எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி: குரோம்புக் எப்படி?

விண்டோஸுக்குப் பதிலாக கூகுளின் குரோம்ஓஎஸ் ஓடும் லேப்டாப் இது. எல்லா வேலையும் பிரவுசருக்குள்தான் என்றால் நல்லது. குறைந்த ரேமிலும் சரளமாக ஓடும். ஒரே எச்சரிக்கை: ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட் முடியும் தேதி ஒன்று உண்டு. 2021 முதல் வெளிவந்தவற்றுக்குப் பத்தாண்டு அப்டேட் என்று கூகுள் அறிவித்திருக்கிறது. அந்தப் பத்தாண்டு அந்தக் கணினியின் அடிப்படைத் தளம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மாடல் பெயரைப் போட்டு கூகுளின் பட்டியலில் தேதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: எம்எஸ் ஆபீஸும் ஆன்டிவைரஸும் சேர்த்து வாங்கச் சொல்கிறார் கடைக்காரர்.

இரண்டும் தேவையில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். அப்டேட்டை நிறுத்தாமல் இருப்பதுதான் முக்கியம். கடிதம், கணக்கு அட்டவணைக்கு லிப்ரே ஆபீஸ் இலவசம். வேர்டு கோப்பை வடிவம் குலையாமல் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி பிரவுசரிலேயே வேர்டை இலவசமாகப் பயன்படுத்தலாம். அந்தப் பணத்தில் ரேமைக் கூட்டுங்கள்.

கேள்வி: குடும்பப் படங்கள் நிறைய இருக்கின்றன. 256 ஜிபியா, 1 டிபியா?

உள்ளே 256 போதும். மிச்சப் பணத்துக்கு ஒரு 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். அங்கே வேகம் தேவையில்லை, பழைய சுழலும் வகையே சரி. எஸ்எஸ்டி பழுதாகும்போது பெரும்பாலும் முன்னறிவிப்பு தராது. நேற்று வரை ஓடியது, இன்று திறக்காது. அதிலிருந்து தகவலை மீட்பது ஹார்டு டிஸ்க்கிலிருந்து மீட்பதைவிடக் கடினம். படங்கள் கணினியில் ஒரு நகல், வெளி டிஸ்க்கில் ஒரு நகல், திரும்பக் கிடைக்கவே கிடைக்காத படங்கள் மட்டும் கிளவுடிலோ வேறொரு வீட்டிலோ ஒரு நகல் என்று வையுங்கள். வெளி டிஸ்க்கை எப்போதும் கணினியோடு செருகியே வைக்க வேண்டாம். வைரஸ் வந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

கேள்வி: புதுசு வாங்கியாயிற்று. பழைய விண்டோஸ் 11 லேப்டாப்பை ஒருவருக்குக் கொடுக்கப் போகிறேன். எல்லாவற்றையும் டெலீட் செய்தால் போதுமா?

போதாது. டெலீட் செய்த கோப்புகளை மீட்டெடுக்க முடியும். முதலில் பிரவுசரிலும் மின்னஞ்சலிலும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பிறகு செட்டிங்ஸில் ரீசெட் பகுதிக்குப் போய், எல்லாவற்றையும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அதிலேயே கூடுதல் அமைப்பில் டிரைவை முழுமையாகத் துடைக்கும் தேர்வு இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். பல மணி நேரம் ஆகலாம், சார்ஜரில் செருகி வைத்துவிடுங்கள். முடிந்ததும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்து அந்த லேப்டாப்பை நீக்கிவிட்டு, சார்ஜரோடு சேர்த்துக் கொடுங்கள்.