157 அட்டைகளும் ஒரு மொட்டைக் கப்டனும்

வணக்கம் ஐயா,

நான் யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். ரொறன்ரோவில் இருந்த என் அண்ணா சென்ற வருடம் காலமானார். அவருடைய சாமான்களோடு ஒரு சப்பாத்துப் பெட்டியும் வந்து சேர்ந்தது. உள்ளே ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரின் பட அட்டைகள். 1991 என்று போட்டிருக்கிறது. எண்கள் 1 முதல் 160 வரை. அடுக்கிப் பார்த்தால் 157தான் இருக்கின்றன. பன்னிரண்டு வயது மகன் மிச்சம் மூன்றையும் எப்படியாவது எடுத்துத் தரச் சொல்லி நிற்கிறான். இவை இலட்சக்கணக்கில் போகும், உடனே லமினேற் செய்து வையுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்னோடு படிப்பிக்கும் நண்பரோ, "நூலகம் எரிந்த ஊரில் இருந்துகொண்டு வெள்ளைக்காரனின் விண்வெளிப் படத்தைக் கட்டிக் காக்கப் போகிறாயா?" என்று சிரிக்கிறார். சின்ன வயதில் உங்களிடமும் இப்படிச் சில அட்டைகள் இருந்ததாக எங்கேயோ எழுதியிருந்தீர்கள். நான் என்ன செய்யலாம்?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அண்ணாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள்.

காசுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். இலட்சம் போகாது. உங்களிடம் இருப்பது ஸ்டார் ட்ரெக்கின் 25ஆவது ஆண்டுக்காக இம்பெல் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட முதல் தொகுதி. 161 முதல் 310 வரை இரண்டாவது தொகுதியும் உண்டு. அந்த நாட்களில் அங்கே அட்டை வாங்குவது பலருக்கு வங்கியில் காசு போடுவது மாதிரி இருந்தது. எல்லாரும் வாங்கிப் பூட்டி வைத்தார்கள், நிறுவனங்களும் அச்சடித்துத் தள்ளின. எல்லாரிடமும் இருக்கிற சாமானுக்கு என்ன விலை வரும்? இன்றைக்கு முழுத் தொகுதியின் விலையைவிட அதை இலங்கைக்கு அனுப்பும் தபால் செலவு கூட வரலாம். நல்ல விலை போகிறவை வேறு. 1967இல் லீஃப் நிறுவனம் விட்ட 72 கறுப்பு வெள்ளை அட்டைகளைக் காண்பதே அரிது, அவற்றுக்கும் பிறகு மறுஅச்சு வந்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். 1976இல் டொப்ஸ் நிறுவனம் 88 அட்டைகளும் 22 ஸ்டிக்கர்களும் விட்டது. பைக்கற்றுக்குள் பபிள்கம்மும் இருக்கும், அது பட்ட அட்டையில் கறை பிடித்திருக்கும். 79 பாகங்களோடு தொடர் 1969இலேயே நின்றுவிட்டது, 1976இலும் அது மறுஒளிபரப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் பதிந்து பார்க்க வீடியோ டெக் இன்னும் பரவாத காலம். பார்த்த காட்சியைக் கையில் வைத்திருக்க அந்த அட்டையை விட்டால் பெரிதாக வழியில்லை.

லமினேற் செய்யாதீர்கள். தயவுசெய்து. சோதனைச்சாவடிக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பாங்க் புத்தகத்தின் முதல் பக்கம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் லமினேற் செய்து பழகிய ஊர் நாங்கள், அந்தக் கை சும்மா இருக்காது. ஆனால் சூட்டில் ஒட்டிய பசையைப் பிறகு கழற்ற முடியாது. ஒன்பது பொக்கற் உள்ள பிளாஸ்டிக் தாள்கள் விற்கிறார்கள். பொலிபுரோப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். மெத்தென்றிருந்து மணக்கிற பிவிசி வேண்டாம், அது நாளடைவில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். றப்பர் பாண்டும் வேண்டாம். 160 அட்டைக்கும் 18 தாள் போதும், கடைசித் தாளில் ஏழு அட்டை வரும். மாரி காலத்தில் வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள். கறையானைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நீங்கள் கணித ஆசிரியர், கணக்கைச் சரிபாருங்கள். 160 அட்டையும் பைக்கற்றில் தற்செயலாகவே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் எல்லாமே புதிதாக இருக்கும், போகப் போக வந்ததே வரும். 157 வெவ்வேறு அட்டை சேர்வதற்குச் சராசரியாக 610 அட்டை அளவில் வாங்க வேண்டும். மிச்சம் மூன்றுக்கு மட்டும் இன்னும் 290க்கு மேல். உண்மையில் பெட்டிகளில் கொஞ்சம் ஒழுங்காகக் கலந்துதான் அடைப்பார்கள், எண்ணிக்கை குறையலாம். என்றாலும் அண்ணா தனியாகவே வாங்கிச் சேர்த்திருந்தால் அந்தச் சப்பாத்துப் பெட்டியில் நூற்றுக்கணக்கில் இரட்டை அட்டைகள் இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அப்படியென்றால் அவை எங்கே போயின? யாரோ ஒருவர் முழுத் தொகுதியாக விற்றதை வாங்கியிருக்கலாம். ஆனால் முழுத் தொகுதி வாங்குகிறவருக்கு மூன்று குறையாது. எனக்குப் படுவது, அவர் மாற்றியிருக்கிறார். வேலையிடத்திலோ, இருந்த கட்டடத்திலோ, பஸ்ஸிலோ, "உன்னிடம் 44 இரண்டு இருக்கிறதா, என்னிடம் 90 இரண்டு இருக்கிறது" என்று கதைக்க அவருக்கு ஒருவர் இருந்திருக்கிறார். ஒருவருக்கு மேலும் இருந்திருக்கலாம். ரொறன்ரோவில் அவரோடு ஒன்றாக இருந்தவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். குடும்பத்துக்குத் தெரியாத ஒரு சிநேகிதம் அதற்குள் இருக்கக்கூடும்.

எனக்கு மாற்ற ஆள் இருக்கவில்லை. 1993இல் என்னிடம் இருந்தவை ஏழு அட்டைகள். ரொறன்ரோ மாமா கொழும்புக்கு அனுப்பிய கடிதத்துக்குள் வந்தவை. சித்தப்பா அவற்றை ஷொப்பிங் பையில் சுற்றி, சேட் பொக்கற்றில் வைத்து, கிளாலிக் கடலில் இரவுப் படகில் கொண்டுவந்தார். வவுனியாச் சோதனையில் பையைப் பிரித்துப் பார்த்தவர் கூர்க்காதுக்காரரைக் கண்டு சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தாராம். அந்த நாளில் தடைசெய்திருந்த பற்றரியாக இருந்திருந்தால் தந்திருக்கமாட்டார்.

யுத்தத்தில் 1990இல் போன கரண்ட் அப்போது வரவே இல்லை. தொலைக்காட்சியில் ஸ்டார் ட்ரெக்கை நான் ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. ஜாம் போத்தல் விளக்கில் பாடம் படிக்கிற பாவனையில் அந்த ஏழு அட்டையையும் பார்ப்பேன். பின்பக்கத்து ஆங்கிலத்தில் நாலு சொல்லுக்கு ஒன்றுதான் விளங்கும். ஆகவே கதையை நானே கட்டினேன். கூர்க்காது ஸ்பொக்தான் வில்லன். புருவத்தை அப்படி மேலே இழுத்து மை தீட்டினால் எங்கள் கூத்தில் அசுரன்தானே? நெற்றியில் மடிப்பும் மார்பின் குறுக்கே பட்டியுமாக நின்ற வோர்ஃப், அரசனின் மெய்க்காவலர். ஒரு அட்டையில் முடியுள்ள கப்டன், இன்னொன்றில் மொட்டைக் கப்டன். அந்தத் தொகுதியில் பழைய தொடரும் 1987இல் தொடங்கிய புதிய தொடரும் கலந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? பயணம் நீண்டுவிட்டது, கப்டனுக்கு முடி கொட்டிவிட்டது என்று முடிவுகட்டினேன். அந்த ஒரு காரணத்துக்காகவே கதை சோகமாக முடிந்தது.

பெடியங்களுக்கும் காட்டினேன், இலவசமாக இல்லை. ஒரு தரம் பார்க்க ஒரு கண்ணாடிப் போளை. ஸ்பொக்கைப் பார்க்க இரண்டு.

1995 ஒக்டோபர் 30இல் யுத்தத்துக்குப் பயந்து ஊரோடு இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது சான்றிதழ்களை எடுத்தோம், அரிசி எடுத்தோம். அட்டைகள் அலுமாரியில் ஒரு அப்பியாசக் கொப்பிக்குள் இருந்தன. 1996இல் திரும்பி வந்தபோது அலுமாரி நின்றது, கொப்பியைக் கறையான் தின்றிருந்தது. ஒரு அட்டை தப்பியது, அதற்கும் ஒரு மூலை இல்லை. மொட்டைக் கப்டன்தான் தப்பியவர். யுத்தத்தில் மூடியிருந்த ஏ9 பாதை திறந்த பிறகு, கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை அறையில் இருந்த நாட்களில் இரண்டு தொடரையும் வீசிடியில் பார்த்தேன். ஸ்பொக் நல்லவர் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாலைந்து பாகம் எடுத்தது. முடியுள்ள கப்டன் கிர்க்கும் மொட்டைக் கப்டன் பிக்கார்டும் இரண்டு வேறு ஆட்கள் என்பதை மனம் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

உங்கள் நண்பருக்கு ஒரு சொல். அவர் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த 97,000 புத்தகங்களின் பெயரைச் சொல்லி ஒரு சிறுவனின் அட்டையை ஏன் கேலி செய்ய வேண்டும்? எரிந்த பிறகு எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். நூலகம் நிறுவனம் இணையத்தில் சேர்த்து வைத்திருப்பதில் பெரிய நூல்கள் மட்டுமா இருக்கின்றன? பள்ளிக்கூட மலர், கோயில் மலர், இறந்தவரின் முப்பத்தொராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டு எல்லாம் இருக்கின்றன. லண்டனிலும் இப்படி நடந்தது. 1960களின் டொக்டர் ஹூ என்ற தொலைக்காட்சித் தொடரின் பாகங்கள் பலவற்றைப் பிபிசியே அழித்துவிட்டது. ஜோன் கியூரா என்ற புகைப்படக்காரர் தொலைக்காட்சித் திரையைப் படமெடுத்து நடிகர்களுக்கும் பிபிசிக்கும் விற்றுப் பிழைத்தவர். அழிந்த பாகங்கள் பலவற்றில் இன்றைக்குக் கண்ணால் பார்க்க இருப்பவை அவருடைய படங்கள்தான், குரல் ரசிகர்கள் வீட்டில் பதிந்துவைத்தது. அவர் அதைப் பிழைப்புக்காகச் செய்தார், அவ்வளவுதான்.

சரி, அந்த மூன்று அட்டை. இணையத்தில் இன்னொரு முழுத் தொகுதி வாங்கி மூன்றை உருவி எடுப்பதுதான் சுலபம். நான் அதைச் செய்யமாட்டேன். மகனைக் கொண்டு மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதுவித்து, அண்ணாவின் சிநேகிதர்களுக்கு அனுப்புங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு யாராவது வருவார்கள், மூன்று அட்டை பாரமில்லை. வராவிட்டால் மூன்று பொக்கற் வெறுமையாக இருக்கட்டும். அண்ணா விட்ட இடம் அது.

ஒரு உதவி கேட்கலாமா? என் ஏழில் ஆறு எவை என்று எனக்குத் தெரியாது. எண்களை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை, படங்களைக் கண்டால் பிடித்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலுக்கு வருகிறேன். ஆறு எண்களையும் குறித்துக்கொண்டு போய்விடுவேன், அட்டை எதுவும் கேட்கமாட்டேன். தம்பி பார்க்கக் காசு கேட்டால் போளை கொண்டு வருகிறேன்.