வீசிங், தூசி, எதிர்ப்பு சக்தி: இந்த வாரக் கடிதங்கள்

நீல பம்ப் அடித்தால் உடனே சரியாகிவிடுகிறது. எனக்கு வயது 34. அதுவே போதாதா? (தண்டையார்பேட்டை)

போதாது. அந்த நீல இன்ஹேலர் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், குழாயின் உள்வீக்கத்தைத் தொடாது. பெரியவர்களுக்கு அதை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று 2019-லேயே உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் மாறிவிட்டது.

ஏழு வயதுப் பையனுக்கு அடிக்கடி வீசிங். எதிர்ப்பு சக்தி கூட என்ன கொடுக்கலாம்? (வியாசர்பாடி)

இந்த மாதம் இதே கேள்வி நாலாவது முறை. ஆஸ்துமா, சக்தி குறைந்து வருவதில்லை. இருக்கிற சக்தி ஆள் தெரியாமல் அடிப்பதால் வருகிறது. மெத்தைத் தூசியில் இருக்கும் உண்ணியின் கழிவு பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது. சிலர் உடம்பு மட்டும் அதை எதிரியாக எடுத்துக்கொண்டு, அதற்கென்றே ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து, மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களில் ஒட்டி வைத்திருக்கும். அடுத்த முறை அதே தூசி உள்ளே போனால் அந்த செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற ரசாயனங்களைக் கொட்டிவிடும். மூச்சுக்குழாய் இறுகும், சளி கட்டும். சில மணி நேரத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்களும் வந்து சேர்ந்து வீக்கத்தை நிலைக்க வைக்கும். இதில் எங்கே ஐயா சக்தி குறைவு?

சளி பிடித்த கையோடு வீசிங் வருவதைப் பார்த்துத்தான் அப்படி நினைக்கிறீர்கள். தெருவில் எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கிற சளிதான் அது. உங்கள் பையனுக்கு ஏற்கெனவே வீங்கிய குழாயில் இறங்குகிறது. நூற்றுக்கணக்கில் செலவழித்து ‘இம்யூனிட்டி’ பவுடர் வாங்குகிறவர்கள், அந்தச் சண்டையை அடக்குகிற ஸ்டீராய்டு பம்ப்பை மட்டும் ‘சின்னப் பிள்ளைக்கு எதற்கு’ என்று பீரோவில் வைத்துவிடுகிறார்கள். எடுங்கள். ஸ்பேசர் (பம்ப்பில் மாட்டும் குடுவை) வைத்துக் கொடுங்கள், அப்புறம் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு பம்ப் எலும்பை அரிக்குமாமே? (கொருக்குப்பேட்டை)

ஒரு இழுப்பு சுமார் 200 மைக்ரோகிராம். அட்டாக் வந்து ஸ்டீராய்டு மாத்திரைக்குப் போனால் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 200 மடங்கு. எதற்குப் பயப்பட வேண்டும் என்று நீங்களே பாருங்கள். வாய் கொப்பளியுங்கள்.

இறால் உரிக்கப் போகிறேன். இருமல் நிற்கவில்லை. (காசிமேடு)

எப்போது வருகிறது என்று எழுதவில்லையே அம்மா. தெறிக்கும் நீரிலும் வேகவைக்கும் ஆவியிலும் இறாலின் புரதம் மூச்சில் ஏறும். அதற்கும் ஐ.ஜி.இ. உருவாகலாம். லீவு நாளில் குறைகிறதா என்று ஒரு மாதம் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். கரப்பான்பூச்சியிலும் அதே வகைப் புரதம் உண்டு, வீட்டையும் பாருங்கள்.

மணலி ஆலைகள் பக்கம் நாற்றம் அடித்தாலே இழுக்கிறது. அலர்ஜியா?

இல்லை. கந்தக டை ஆக்சைடு போன்ற வாயு நேராகவே எரிச்சல் செய்யும், ஐ.ஜி.இ. தேவையில்லை. ஜன்னலைச் சாத்துங்கள். நீல பம்ப்பை மட்டும் நம்பாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் ஐ.ஜி.இ. 900. புற்றுநோயா? (திருவொற்றியூர்)

குடற்புழு இருந்தாலே ஏறும். அந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ரிப்போர்ட்டில் பாதிப் பக்கம் உங்கள் விரல்தான் தெரிகிறது. முழுசாக எடுத்து, வயதையும் எழுதி அனுப்புங்கள்.