37 வயதில் முதலாண்டு மருத்துவ மாணவி

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 37 வயது. ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. கட்டணத்தை அரசே ஏற்கிறது. மகளைக் கணவரும் மாமியாரும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே குறை சொல்ல யாரும் இல்லை.

ஆனால் என்னால் படிக்க முடியவில்லை. எந்தக் கையிலும் ஊசி ஏற்ற ரத்தக்குழாயைத் தொட்டே கண்டுபிடித்துவிடுவேன். உடற்கூறியல் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதே கையின் நரம்புகளைச் சொல்லத் தெரியாமல் நின்றேன். “இத்தனை வருடம் நர்ஸாக இருந்தும் இதுகூடத் தெரியாதா?” என்றார் பேராசிரியர். கல்லூரியே நடத்தும் உயிர்வேதியியல் இன்டர்னல் தேர்விலும் தோல்வி. ஒரு பையன் ‘ஆன்ட்டி’ என்று அழைத்ததும் வகுப்பே சிரித்தது. சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டுத் தனியாகவே படிக்கிறேன். ஓர் ஏழைப் பிள்ளையின் இடத்தைப் பறித்துக்கொண்டேனோ என்று இரவில் அழுகை வருகிறது. என் மூளை மழுங்கிவிட்டதா? திரும்பிப் போய்விடட்டுமா?

– வாசகி, தென் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

போக வேண்டாம். நீட்டுக்காக இயற்பியலையும் வேதியியலையும் மீண்டும் படித்துத் தேறிய மூளை சில மாதங்களில் மழுங்கிவிடாது.

நீங்கள் இழந்திருப்பது வேறு. இரவுப் பணியில் நோயாளிக்கு மூச்சுத் திணறினால் பயிற்சி மருத்துவர்கள் உங்கள் முகத்தைத்தான் பார்த்திருப்பார்கள். அந்த மதிப்போடு வாழ்ந்தவர், இன்று ஒன்றும் தெரியாதவராக முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். வலிக்கத்தான் செய்யும். பேராசிரியரின் சொல் அந்த வலியின் மேலேயே விழுந்தது. அவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் பழியை வயதின்மேல் போட்டுவிட்டால் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. கேட்கக் கூசுவதை மாற்ற முடியும்.

விடுதியில் இரண்டு மூன்று பேரோடு உட்காருங்கள். அவர்கள் கேள்வி கேட்கட்டும், நீங்கள் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். வைவாவுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. நாளை வார்டில் நோயாளியைத் தொடவே நடுங்கும்போது அந்தப் பிள்ளைகளும் உங்களைத்தான் தேடுவார்கள். ‘ஆன்ட்டி’ என்றவனிடம், “அக்கா என்று கூப்பிடு தம்பி” என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

படிக்கும் வழியையும் மாற்றுங்கள். மற்றவர்கள் புத்தகத்திலிருந்து நோயாளியிடம் போவார்கள்; நீங்கள் நோயாளியிலிருந்து புத்தகத்துக்கு வாருங்கள். இடுப்பில் ஊசியை மேல் வெளிப்புறப் பகுதியில் போட்டது காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பைக் காக்கத்தானே? அதுவும் உடற்கூறியல்தான். சர்க்கரை நோய் முற்றி ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸில் வந்த எத்தனை பேருக்கு இன்சுலின் ஏற்றியிருப்பீர்கள்! அவர்களில் ஒருவரை நினைத்துக்கொண்டு, கொழுப்பு உடைந்து கீட்டோன் உருவாகும் பாதையைப் படியுங்கள். மணிக்கட்டு தொங்கிப்போன நோயாளியை நினைத்தால், அடிபட்டு அப்படித் தொங்கவைக்கும் ரேடியல் நரம்பு மறக்காது. வெறும் மனப்பாடமாகவே நிற்கும் பகுதிகளும் உண்டு; அவற்றுக்குத் தினமும் கொஞ்சம் நேரம் ஒதுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பல்கலைக்கழகத் தேர்விலேயே தவறினாலும் முதலாண்டுக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. ஓர் இன்டர்னலுக்காகப் படிப்பை விட்டுவிடாதீர்கள்.

குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். 2022இல் தருமபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இதே ஒதுக்கீட்டில் கிடைக்கவிருந்த இடத்தை இளையவர்களுக்காக விட்டுக்கொடுத்தார். அவர் மனம் பெரியது. ஆனால் அவர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பயிற்சிக் காலமும் சேர்த்து ஐந்தரை ஆண்டு முடியும்போது உங்களுக்கு 43 வயதுகூட ஆகியிருக்காது. அதன்பின் இருபது ஆண்டுகள் வைத்தியம் பார்க்கலாம். நீட்டுக்கான உச்ச வயது வரம்பைத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நீக்கிவிட்டது. 2025இல் தென்காசியைச் சேர்ந்த 49 வயது இயன்முறை மருத்துவர் ஒருவர், மகளோடு சேர்ந்து நீட் எழுதி, மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம்பெற்றார். நீங்களும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைதான். உங்களுக்கு உரிய இடம் இது.

இரவு அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, தூக்கமும் பசியும் குறைந்தாலோ, உங்கள் கல்லூரி மனநல மருத்துவத் துறைக்கே போங்கள். அங்கே தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று தயங்கினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் பேசுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.