ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா? வெக்கையும் புகையும் சேர்ந்து வரும் நாளுக்கு

கேள்வி: சென்னை கொடுங்கையூர் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. மகனுக்கு 8 வயது, ஆஸ்துமா இருக்கிறது. மாமனாருக்கு 72 வயது; பிபிக்கும் கால் வீக்கத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். படுக்கையறையில் மட்டும் ஏசி உண்டு. வெயில் எச்சரிக்கை வந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார்கள். குப்பை எரிந்து புகை வந்தால் மூடுங்கள் என்கிறார்கள். இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்ன செய்வது? போனில் இரண்டு ஆப் இரண்டு விதமாகக் காற்றுத் தர எண்ணைக் காட்டுகின்றன. எதை நம்புவது?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைத்தான் தடுக்க முடியும் என்றால் வெக்கையைத் தடுங்கள். ஒரே மதியத்தில் ஒரு பெரியவரின் உயிரை வெக்கை எடுத்துவிடும். புகை பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மெல்லக் கெடுதல் செய்வது. உங்கள் வீட்டில் ஆஸ்துமா இருக்கிற பிள்ளையும் இருப்பதால் இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கண் எரியும் அளவுக்குப் புகை வந்தால் திறப்பதா மூடுவதா என்று பார்க்காதீர்கள், வீட்டை விட்டுக் கிளம்புங்கள். எங்கே போவது என்று இன்றைக்கே யோசித்து வையுங்கள். ஊரின் வேறு பக்கம் இருக்கும் அண்ணன் வீடோ, சித்தி வீடோ, ஏசி இருக்கும் பக்கத்துத் தெரு வீடோ, எதுவானாலும் சரி. புகை சூழ்ந்த பிறகு யோசித்தால் பதற்றம்தான் மிஞ்சும்.

மற்ற நாட்களில் ஜன்னலுக்கு மணிக்கணக்கு இருக்கிறது. சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டுங்கள். வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள் சூடு அதிகமென்றால் திறக்க வேண்டும், குறைவென்றால் மூட வேண்டும். கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் பொழுது சாய்ந்த பிறகுதான் அதை வீட்டுக்குள் இறக்கும். இரவு ஒன்பது மணிக்கு நாற்காலி மேல் ஏறி நின்று கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன சூடு தெரியும். ஆகவே காலை ஒன்பது, பத்து மணியிலிருந்து மாலை வரை வெயில் படும் பக்கத்து ஜன்னல்களை மூடித் திரை போடுங்கள். மாலையில் வெளியே தணிந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் பெயின்ட்டோ அடிக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் மார்ச்சிலேயே அடித்துவிடுங்கள்.

புகைக்கும் திசை உண்டு. சென்னையில் கோடையின் காலை நேரத்தில் பெரும்பாலும் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்து கடல்காற்று உள்ளே வரும். குப்பை மேட்டுக்குக் கிழக்கே உங்கள் வீடு இருந்தால் முற்பகலில் புகை வரும், மேற்கே இருந்தால் பிற்பகலில் வரும். கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தாலே போதும். காற்று அசையாத இரவிலும் விடியற்காலையிலும் புகை மேலே போகாமல் தரையோடு படிந்து கிடக்கும். குப்பை எரியும் நாட்களில் "விடியற்காலைக் காற்று சுத்தமானது" என்று மாமனாரை நடைக்கு அனுப்பாதீர்கள்.

புகைக்காக மூடும் நேரத்தில் எல்லோரும் ஏசி அறைக்கு வந்துவிடுங்கள். ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது, அதனால் கவலை இல்லை. ஜன்னல் ஏசி என்றால் வெளிக்காற்றை உள்ளே விடும் சிறு நெம்புகோல் இருக்கும், அது மூடிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கதவிடுக்கில் துணியைத் திணியுங்கள். ஏசியின் சாதாரண வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. காசு இருந்தால், நுண்துகளையும் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றைப் பிள்ளையின் அறையில் வைப்பது நல்ல செலவு. ஜன்னலில் ஈரத்துண்டு கட்டுவது நுண்துகளைத் தடுக்காது, புழுக்கத்தைத்தான் கூட்டும். இன்னொன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்: மூடிய அறைக்குள் கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். வெளியே இருக்கும் புகைக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு, உள்ளே சுருளைக் கொளுத்திக் குழந்தையின் தலைமாட்டில் வைத்த வீடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். கொசுவலை கட்டுங்கள்.

அடுத்து அந்த இரண்டு எண்கள். இரண்டு ஆப்பும் பொய் சொல்லவில்லை, அளவுகோல்தான் வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப் இந்திய அளவுகோலில் காட்டுகிறது. வெளிநாட்டு ஆப்கள் பெரும்பாலும் அமெரிக்க அளவுகோலில் காட்டும். ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 நுண்துகள் இருந்தால் இந்தியக் கணக்கில் அது 100, 'திருப்திகரம்'. அதே காற்றுக்கு அமெரிக்கக் கணக்கில் 150-க்கு மேல், 'உடல்நலத்துக்குக் கேடு'. ஆஸ்துமா பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நான் சொல்வது: சமீரையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் 100-ஐத் தாண்டினாலே பிள்ளையை வெளியே ஓடியாட விடாதீர்கள். 200 வரை 'மிதமானது' என்று அது சொல்வது உங்கள் பையனுக்குப் பொருந்தாது.

அந்த எண் பெரும்பாலும் கடந்த 24 மணி நேரத்தின் சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். பத்து மணிக்குக் குப்பையில் தீப்பிடித்தால் பதினோரு மணிக்கு எண் துள்ளிக் குதிக்காது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு எரிந்தது போன்ற நாட்களில் உங்கள் மூக்கும் கண்ணும்தான் முதல் கருவி. நாற்றம் வந்தால் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் மூக்கோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் பெரியவர்களுக்கு உதவும். துணிக் கவசமும் கைக்குட்டையும் உதவாது. கோடை மதியத்தில் வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாகும் ஓசோன் ஒரு வாயு, அதை எந்த என்95-ம் வடிகட்டாது. அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருப்பதுதான் வழி.

பையனின் இன்ஹேலர் எங்கே இருக்கிறது? போன கோடையில் ஒரு தாய் ஸ்கூட்டியின் சீட்டைத் தூக்கி அதை எடுத்துத் தந்தார். கையில் வாங்க முடியாத சூடு. அந்த டப்பாவிலேயே 30 டிகிரிக்குக் கீழ் வைக்கும்படி அச்சிட்டிருந்தது. வண்டிப் பெட்டி, ஜன்னல் விளிம்பு, காரின் முன்பலகை மூன்றும் வேண்டாம். தடுப்பு மருந்தை, பிள்ளை நன்றாக இருக்கிறானே என்று லீவு நாட்களில் நிறுத்தாதீர்கள். இளைப்பு வந்தால் உங்கள் மருத்துவர் எழுதித் தந்தபடி செய்யுங்கள். அந்தச் சீட்டு கையில் இல்லாவிட்டால், நிவாரணி இன்ஹேலரை (இளைப்பின்போது உடனே மூச்சை எளிதாக்குவது) ஸ்பேசரில், அதாவது மருந்தை இழுக்க உதவும் குழாயில், பொருத்தி ஒவ்வொரு அழுத்தாக நான்கு முறை கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடம் பாருங்கள். குறையவில்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு மறுபடியும் நான்கு கொடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இந்த நான்கு நிமிடக் கணக்குக்குக் காத்திராமல் உடனே 108.

மாமனாரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. கால் வீக்கத்துக்கான மாத்திரை பெரும்பாலும் நீரை வெளியேற்றும் மாத்திரை. வியர்வையும் அதுவும் சேர்ந்தால் உடம்பில் நீரும் உப்பும் சட்டென்று குறையும். தானாக நிறுத்த வேண்டாம், அதே சமயம் இஷ்டத்துக்கு உப்புப் போட்ட மோரும் ஓஆர்எஸ்ஸும் குடிக்க வைக்கவும் வேண்டாம், இதய நோய் இருந்தால் அது வேறு சிக்கல். கத்திரி தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் போய், "வெயில் நாளில் இந்த மாத்திரையின் அளவு என்ன, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வானிலை மையத்தின் மஞ்சள் எச்சரிக்கைக்குக் கவனியுங்கள் என்று பொருள், ஆரஞ்சுக்குத் தயாராகுங்கள், சிவப்புக்கு உடனே செயல்படுங்கள். ஆனால் கடலோரத்தில் வெப்ப அலை என்று அறிவிக்க வெப்பநிலை 37 டிகிரியைத் தொட வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடவும் வேண்டும். சென்னையில் 36 டிகிரியும் பிசுபிசுக்கும் ஈரக்காற்றும் சேர்ந்தால் வியர்வை உலராது, உடம்பு குளிராது. அந்த நாளில் வெப்ப அலை அறிவிப்பு வராமலே போகலாம், பெரியவருக்கு ஆபத்து இருக்கவே செய்யும்.

அவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால் அது அசதி அல்ல, வெப்பத் தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். சட்டையைக் கழற்றி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

அப்புறம் மே மாத மாலை இடி. நீங்கள் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் மொட்டை மாடியில் வடாம் காயப்போடுகிற வீடாகத்தான் இருக்கும். இடிச்சத்தம் காதில் விழுந்துவிட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். வடாம் நனைந்தால் நனையட்டும், துணியும் கிடக்கட்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை யாரும் மாடி ஏறக் கூடாது. மின்னல் எங்கே விழுகிறது என்று காட்ட தாமினி ஆப் இருக்கிறது, போனில் போட்டுவையுங்கள். மழைக்கு முன்னால் புழுதியை வாரிக்கொண்டு வரும் காற்றில் பையனுக்கு இளைப்பு கிளம்பலாம். 2016 நவம்பரில் மெல்போர்னில் ஒரே மாலையின் இடிமழைக் காற்று புல்லின் மகரந்தத்தைக் கிளப்பிவிட, ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். நம் ஊரில் அந்தப் புல் இல்லை, புழுதி இருக்கிறது. வானம் கறுத்துக் காற்று கிளம்பியதும் ஜன்னலைச் சாத்துங்கள். மழை பிடித்துப் புழுதி அடங்கியதும் எல்லா ஜன்னலையும் திறந்துவிடலாம், அன்றைக்குக் கூரை சீக்கிரம் ஆறும்.