கேம் தயாரிப்பில் ஆர்ட் டைரக்டருக்கு என்ன வேலை? எல்லாவற்றையும் அவரே வரைவாரா?

வரைவது குறைவு, அடுத்தவர் வரைந்ததைப் பார்த்துத் திருத்தச் சொல்வதே அதிகம். ஐம்பது பேர் செய்த மாடலும் (முப்பரிமாண உருவம்) டெக்ஸ்ச்சரும் (அதன் மேல் போர்த்தும் படம்) ஒரே கை செய்ததுபோல் தெரிய வேண்டும். அதற்காக முதலிலேயே ஒரு ஸ்டைல் கைடு போடுவார்: எந்த நிறம் யாருக்கு, எவ்வளவு நுணுக்கம், எதைச் செய்யவே கூடாது.

2007-ல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட, இரண்டு அணிகள் சுட்டு மோதும் டீம் ஃபோர்ட்ரஸ் 2 கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வகை வீரர்கள். தூரத்தில் வெறும் நிழலுருவத்தைப் பார்த்தே ஆள் யாரென்று தெரிய வேண்டும். மலைபோன்ற ஹெவியையும் ஒல்லி ஸ்கவுட்டையும் முழுக்கக் கறுப்பாக நிரப்பினாலும் குழப்பம் வராது. பாதத்தில் இருட்டாகத் தொடங்கும் நிறம் மார்புக்கு வரும்போது வெளுக்கும். பார்ப்பவர் கண் தானாக மார்பருகே பிடித்திருக்கும் ஆயுதத்துக்குப் போகும். சிவப்பு அணியின் இடங்களுக்கு வெதுவெதுப்பான நிறங்கள், நீல அணிக்குக் குளிர்ந்தவை.

சறுக்கல் பெரும்பாலும் ரிவ்யூவில்தான். பாத்திரத்தைச் சாம்பல் பின்னணியில் தனியாக வைத்து ஓகே சொல்லிவிடுவார்கள். லெவலுக்குள், அதாவது கேமில் ஆடும் களத்துக்குள், போனதும் சுவரோடு கலந்துவிடும். ஆகவே கேம் கேமராவின் தூரத்திலேயே பார்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைக் கறுப்பு வெள்ளையாக்கினால், பாத்திரமும் சுவரும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும் குட்டு உடனே வெளிப்படும். "நல்லா இல்லை" என்பதெல்லாம் கருத்தே அல்ல. "தோள்கவசத்தில் நுணுக்கம் கூடிப்போச்சு, முகம் அமுங்குது" என்றால்தான் ஆர்ட்டிஸ்ட் திருத்த முடியும். பாலிகன் (மாடலைக் கட்டும் சிறு தட்டைத் துண்டுகள்), மெமரி கணக்கெல்லாம் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் பாடு.