மார்ச்சில் தீம் பார்க்: டிக்கெட்டுக்கு முன்னால் தேதியைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். நான், கணவர், 9 வயது மகள், சின்னப் பையன், மாமியார் என ஐந்து பேர். வரும் வசந்தத்தின் தொடக்கத்தில் வெளிநாட்டு டிஸ்னி பூங்கா ஒன்றுக்குப் போவதாக மகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டோம். எந்த ஊர்ப் பூங்கா என்பது இன்னும் முடிவாகவில்லை. மார்ச் முதல் வாரம் போனால் டிக்கெட் மலிவு, ஆனால் பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டும். ஈஸ்டர் விடுமுறையில் போனால் விடுப்புத் தொல்லை இல்லை, விலைதான் எகிறுகிறது. மூன்று நாள் டிக்கெட் எடுத்தால் நாளொன்றுக்குச் சராசரி குறையும் என்கிறார் கணவர். ஆண்டு பாஸ் எடுத்துவிடலாமா என்றும் அவருக்கு ஒரு யோசனை. பணத்துக்கு இரண்டு வழி பார்த்து வைத்திருக்கிறோம்: வட்டியில்லாத் தவணை, இல்லையென்றால் அவசரத் தேவைக்கு என்று ஒதுக்கிய சேமிப்பு. பையனுக்கு மார்ச் 19 அன்று 3 வயது நிறைகிறது. இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய பையனின் பிறந்தநாள்தான் என் கண்ணில் முதலில் பட்டது. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களிலும் பாரிஸிலும் 3 வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. டோக்கியோவில் 4 வயதிலிருந்துதான் டிக்கெட். ஆக, டோக்கியோவைத் தவிர்த்துப் பார்த்தால், மார்ச் 19-க்கு முன் போனால் நான்கு டிக்கெட், பின் போனால் ஐந்து. எந்தத் தள்ளுபடிக் கூப்பனும் இவ்வளவு தராது. ("பையன் பார்க்கச் சின்னவனாகத்தான் இருப்பான், ஏப்ரலில் போனாலும் யாருக்குத் தெரியும்?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். 9 வயதுப் பெண் பக்கத்திலேயே நிற்பாள், வாசலில் உண்மையைப் போட்டு உடைப்பாள். வேண்டாம்.)

இந்தத் தொழிலில் விலை எப்படி வைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் சுலபம். 1955-இல் டிஸ்னிலேண்ட் திறந்தபோது நுழைவுக் கட்டணம் தனி, ரைடுகளுக்குக் கட்டணம் தனி. பிறகு ஏ, பி, சி என்று தரம் பிரித்த டிக்கெட் புத்தகங்கள் வந்தன. 1959-இல் சேர்ந்த, பெரிய ரைடுகளுக்கான 'ஈ' டிக்கெட்தான் எல்லாவற்றிலும் உசத்தி. 1982-இல் அந்தப் புத்தகங்களை ஒழித்து, ஒரே கட்டணத்தில் எல்லா ரைடும் என்று ஆக்கினார்கள். 2016-இல் அமெரிக்கப் பூங்காக்களில் ஒரு நாள் டிக்கெட்டின் விலை தேதிக்குத் தேதி மாறத் தொடங்கியது. டோக்கியோவிலும் 2021 முதல் அப்படித்தான். இப்போது க்யூவைத் தாண்டிப் போகத் தனிக் கட்டணம் வந்திருக்கிறது. என்னைக் கேட்டால், பழைய 'ஈ' டிக்கெட்தான் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே நீங்கள் வாங்குவது தேதியை. கூட்டம் எப்போது வரும் என்று பூங்கா போட்ட கணக்குதான் அந்த விலைப் பட்டியல். அதை நீங்கள் இலவசமாகப் படிக்கலாம்: எந்த நாள் மலிவோ, அந்த நாளில் கூட்டம் குறைவு என்று அவர்களே எதிர்பார்க்கிறார்கள்.

ஈஸ்டர் ஆண்டுக்கு ஆண்டு நகரும் பண்டிகை. மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5, 2027-இல் மார்ச் 28. போன வருடம் மார்ச் கடைசியில் போய் வந்த நண்பர் "கூட்டமே இல்லை" என்று சொன்னால், அந்த அனுபவம் இந்த வருடத்துக்குச் செல்லாமல் போகலாம். அமெரிக்கப் பள்ளிகளின் வசந்த விடுமுறை ஊருக்கு ஊர் வேறுபட்டு, மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பரவிக் கிடக்கும். ஜப்பானில் மார்ச் மாதமே பட்டமளிப்பு, பள்ளியாண்டு முடிவு, பிறகு விடுமுறை என்று மாணவர் கூட்டம் மொய்க்கும். டோக்கியோ போவதானால் 'மார்ச் முதல் வாரம் காலியாக இருக்கும்' என்ற கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

மலிவான நாளுக்கும் ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்கால முடிவில் பூங்காக்கள் சீக்கிரம் மூடும். ரைடுகளைப் பழுது பார்ப்பதும் இந்த மாதங்களில்தான். தண்ணீர் ரைடுகள் மூடியிருக்கலாம். மழைக்கும் குளிருக்கும் பொதுவாகப் பணம் திரும்பி வராது. உதாரணத்துக்கு ஒரு கணக்கு: மலிவான நாளில் டிக்கெட் 100, திறந்திருப்பது 9 மணி நேரம். விடுமுறை நாளில் டிக்கெட் 140, திறந்திருப்பது 14 மணி நேரம். மணிக்கு எவ்வளவு என்று வகுத்தால் இரண்டாவதுதான் லாபம்: முதலாவது மணிக்கு ஏறக்குறைய 11, இரண்டாவது 10. ஆனால் நேரத்தால் வகுப்பது தவறு, ஏறி இறங்கிய ரைடுகளால் வகுக்க வேண்டும். கூட்டமில்லாத 9 மணி நேரத்தில் 10 ரைடும், நெரிசலான 14 மணி நேரத்தில் 7 ரைடும் கிடைத்தால், ஒரு ரைடுக்கு மலிவான நாளில் 10, விடுமுறை நாளில் 20.

அதோடு, 3 வயது நிறையாத குழந்தை மத்தியானம் தூங்கியே ஆக வேண்டும். இரவு 11 மணி வரை திறந்திருக்கும் பூங்காவால் உங்களுக்கு என்ன பயன்? சீக்கிரம் மூடுவது கல்லூரிப் பிள்ளைகளுக்கு நஷ்டம், உங்கள் குடும்பத்துக்கு அல்ல. எனவே பள்ளிக்கு விடுப்புப் போடுங்கள். தேர்வு இருந்தால் மட்டும் யோசியுங்கள். பூங்காவுக்கு மார்ச் முதல் பாதியில் செவ்வாய், புதன், வியாழனில் ஏதேனும் இரண்டு நாள். பணம் கட்டுவதற்கு முன், மகள் ஆசைப்படும் ரைடு அந்த வாரம் ஓடுகிறதா என்று பூங்காவின் இணையதளத்தில் உள்ள பழுதுப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். அது மூடியிருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண்.

இனி மூன்றாம் நாள். உங்கள் கணவர் சராசரியைப் பார்க்கிறார், நான் கூடுதல் செலவைப் பார்க்கச் சொல்கிறேன். இரண்டு நாள் டிக்கெட் 190, மூன்று நாள் 260 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 95-லிருந்து 87-ஆகக் குறைகிறது, உண்மைதான். ஆனால் கைவிட்டுப் போகும் பணம் ஆளுக்கு 70 கூடுகிறது. அதோடு இன்னொரு இரவு தங்கல், ஐந்து பேர் சாப்பாடு. இவ்வளவையும் கூட்டி, 'மூன்றாம் நாளுக்கு மட்டும் இதைத் தருவீர்களா?' என்று கேட்டால் பதில் அவருக்கே தெரிந்துவிடும். மாமியாருக்கு இரண்டாம் நாள் தேவையா என்பதும் பார்க்க வேண்டியதுதான். டிஸ்னியில் ரைடு ஏறவில்லை என்பதற்காக நுழைவுக் கட்டணம் குறையாது. (கோபன்ஹேகனின் டிவோலி, 1843-இல் திறந்த பூங்கா, இதில் நியாயமானது. அங்கே நுழைவு தனி, ரைடு தனி.) முதல் நாள் நடந்த அலுப்பில் மறுநாள் அறையில் ஓய்வெடுக்க விரும்புவார் என்றால் அவருக்கு ஒரு நாள் டிக்கெட் போதும். ஆனால் இதை நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். அவரிடமே கேளுங்கள். டிக்கெட் மிச்சம் பிடித்து, மனக்கசப்பை வாங்கி வராதீர்கள்.

ஆண்டு பாஸ் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து ஒரு வருடத்துக்குள் இரண்டாம் முறை விமானம் ஏறுவீர்களா? விலை குறைந்த பாஸ்களில் விடுமுறை நாட்களில் உள்ளே விடாத தேதிகளும் இருக்கும்.

க்யூ தாண்டும் கட்டணத்தை இப்போதே வாங்க வேண்டாம். கூட்டமில்லாத நாளைத் தேடிப் பிடித்துவிட்டு, கூட்டத்திலிருந்து தப்பவும் பணம் கட்டுவது ஒரே பொருளை இருமுறை வாங்குவது. பெரிய ரைடுகள் பலவற்றில் குறைந்தபட்ச உயரம் 102 செ.மீ. அல்லது அதற்கும் மேல். பையனால் ஏற முடியாது. பெற்றோரில் ஒருவர் அவனுடன் நிற்க, மற்றவர் ஏறி வந்ததும் இவர் மறுபடி க்யூ நிற்காமல் ஏறும் வசதி பல பூங்காக்களில் இலவசமாகவே உண்டு. ரைடு வாசலில் இருக்கும் ஊழியரிடம் கேட்டால் போதும்.

தவணைக்கு வருகிறேன். வட்டியில்லை என்பவர்கள் வட்டிக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். பயணத் தொகை 1,200 என்று கொள்வோம், எந்த நாணயமாக இருந்தாலும் சரி. மொத்தமாகக் கட்டினால் 60 தள்ளுபடி. தவணையில் போனால் தள்ளுபடி இல்லை, கையாளும் கட்டணம் 24, பிறகு மாதம் 200 வீதம் ஆறு மாதம். ரொக்கம் தந்தவருக்குச் செலவு 1,140. உங்களுக்கு 1,224. அந்த 84 கூடுதலை, கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஆண்டுக்கு ஏறக்குறைய 25 சதவீத வட்டி. ஒரு தவணை தவறினால் அபராதம் வேறு. தள்ளுபடியும் இல்லை, கட்டணமும் இல்லை என்றால் மட்டும் அது உண்மையிலேயே வட்டியில்லாக் கடன். அப்போது தாராளமாக எடுங்கள்.

அவசரத் தேவைக்கான சேமிப்பைத் தொடாதீர்கள். வேலை போனால், யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் என்று வைத்த பணம் அது. மிக்கி மவுஸ் அவசரம் அல்ல.

உங்களிடம் ஐந்து மாதம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். மொத்தச் செலவைக் கணக்கிட்டு, அதில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று கூட்டி, ஐந்தால் வகுங்கள். சம்பளம் வந்த மறுநாள் அந்தத் தொகை தனிக் கணக்குக்குத் தானாகப் போய்விட வேண்டும். முதல் இரண்டு மாதமும் அந்தத் தொகையை ஒதுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் ஒரு நாளைக் குறையுங்கள், கடனைக் கூட்டாதீர்கள். அதற்குள் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதிந்து வையுங்கள். விமான டிக்கெட் அடுத்து. பூங்கா டிக்கெட்டைப் பொதுவாகத் திருப்பித் தர முடியாது, தேதியை மாற்ற மட்டும் சில இடங்களில் விடுவார்கள். எனவே விடுப்பு உறுதியான பிறகு அதை வாங்குங்கள். பயணக் காப்பீடு நோய்க்கும் விபத்துக்கும் உதவும், மனம் மாறியதற்குப் பொதுவாக உதவாது.

அங்கே கார்டு தேய்க்கும்போது, "உங்கள் ஊர் நாணயத்தில் கட்டுகிறீர்களா?" என்று இயந்திரம் கேட்கும். வசதி போலத் தெரியும். வேண்டாம் என்று அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தில் அவர்கள் தனியாக ஒரு லாபம் சேர்த்திருப்பார்கள். சாப்பாட்டு விதியையும் முன்கூட்டியே பாருங்கள். அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம், டோக்கியோவில் அப்படியில்லை. மழைக் கோட்டு வீட்டிலிருந்தே போகட்டும்.

நீங்கள் கேட்காத ஒரு செலவு மிச்சம் இருக்கிறது: பொம்மைக் கடை. ரைடிலிருந்து இறங்கி வரும் வழியே கடைக்குள்தான் போகும். மகளிடம் ஒரு தொகையைக் கிளம்பும் முன்னரே கொடுத்து, இது உன் பணம், தீர்ந்தால் தீர்ந்தது என்று சொல்லிவிடுங்கள். என் பெண்ணுக்கு அப்படிக் கொடுத்தேன். முதல் நாள் முழுக்கப் பதினொரு கடை ஏறி இறங்கி, ஒன்றும் வாங்காமல், மறுநாள் மாலை ஒரு பேனாவோடு வெளியே வந்தாள். மீதியை என்னிடம் திருப்பித் தரவில்லை.