ஒட்டினால் நிற்குமா? காந்த மவுண்ட் கேள்விகளும் பதில்களும்

போனை ட்ரைபாடில் மாட்ட இப்போது பலரும், இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும் கிளாம்பை விட்டு, போனின் முதுகில் காந்தத்தால் ஒட்டும் காந்த மவுண்ட் பக்கம் போகிறார்கள், அதனால் கேள்விகளும் அது பற்றியே வருகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

இப்போதுதான் வீடியோ எடுக்கத் தொடங்குகிறேன். சாதாரண கிளாம்ப் வாங்குவதா, காந்தம் வாங்குவதா?

எங்கே, எப்படி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அறைக்குள் தனியாக உட்கார்ந்து எடுப்பவர் என்றால் காந்தம். ஒரு துண்டு எடுத்ததும் போனைக் கழற்றிப் பார்ப்போம், சரியில்லை என்று திரும்ப மாட்டுவோம், நடுவில் ஒரு செய்திக்குப் பதில் போடுவோம், இப்படி ஒரு மணி நேரத்தில் இருபது தடவை நடக்கும். ஒவ்வொரு தடவையும் கிளாம்பைத் திருகிக்கொண்டிருந்தால் மூன்றாவது தடவையிலேயே "இருக்கட்டும், இதே போதும்" என்று விட்டுவிடுவோம். தொடக்கத்தில் நிறைய எடுத்துப் பார்ப்பதுதான் முக்கியம், அதற்குக் காந்தம் உதவுகிறது.

கிளாம்புக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. போனைப் படுக்கவைத்து மாட்டும்போது அதன் பிடி சரியாக வால்யூம் பட்டன் மேலோ பவர் பட்டன் மேலோ போய் உட்காரும். நடுவில் திரை அணைந்துவிடும், காரணம் தெரியாமல் போனைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

வெளியில் நடந்துகொண்டே எடுப்பவர், காற்றடிக்கும் இடத்தில் எடுப்பவர், போனை உயரத்தில் மாட்டுபவர் என்றால் கிளாம்புதான். காந்தம் போனைப் பிடித்துக்கொள்ளும், பூட்டிக்கொள்ளாது. எதை வாங்கினாலும் அடியில் கால் அங்குலத் திருகுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால் கிட்டத்தட்ட எல்லா ட்ரைபாடிலும் மாட்டலாம்.

என் போனில் காந்தம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஐபோன் என்றால் 2020-இல் வந்த 12 முதல் பின்பக்கத்தில் காந்த வளையம் உண்டு, ஆப்பிள் அதை மேக்சேஃப் என்கிறது. விதிவிலக்குகள் இருக்கின்றன: 2022-இல் வந்த எஸ்இ, 2025-இல் வந்த 16இ இரண்டிலும் கிடையாது. ஆண்ட்ராய்டில் பெரும்பாலான போன்களில் இல்லை. 2025-இல் வந்த கூகுள் பிக்சல் 10-இல் உண்டு. அதே வருடம் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்25-இல் உடலுக்குள் கிடையாது, காந்தம் வைத்த கவர் போட்டுக்கொள்ள வேண்டும். வயர்லெஸ் சார்ஜிங் இருப்பதால் காந்தமும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு.

காந்தம் இல்லாத போனில் வளைய ஸ்டிக்கர் ஒட்டினால் போதுமா?

போதும், ஆனால் இரண்டு வகை ஸ்டிக்கர் இருக்கிறது. ஒன்று வெறும் இரும்பு வளையம், மற்றொன்று காந்த வளையம். இரும்பு வளையமும் ஒட்டும், ஆனால் மவுண்ட்டின் நடுவில் தானாக வந்து "டக்" என்று உட்காராது, பிடியும் கொஞ்சம் குறைவு. கிடைத்தால் காந்த வளையமே வாங்குங்கள்.

ஒட்டும் இடம்தான் பலர் கோட்டைவிடும் இடம். மெத்தென்ற சிலிக்கோன் கவரில் பசை நிற்காது. இன்று நன்றாக ஒட்டியது போலத் தெரியும், நாலு நாள் கழித்து வளையம் மவுண்ட்டில் இருக்கும், போன் தரையில் இருக்கும். கெட்டியான, வழுவழுப்பான கவரில் ஒட்டுங்கள். முதலில் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, கட்டைவிரலால் வளையம் முழுக்க அழுத்தி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். ஒட்டிய ஐந்தாவது நிமிடமே ட்ரைபாடில் தொங்கவிட வேண்டாம்.

நடுவில் ஓட்டை இல்லாத வட்டத் தகடு ஒட்டினால் வயர்லெஸ் சார்ஜ் ஏறாது, சூடுதான் ஏறும்.

பெட்டியில் இத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. ஆனால் கால் கிலோகூட இல்லாத என் போன் வழுக்கி இறங்குகிறது. ஏமாற்று வேலையா?

பெட்டியில் இருப்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, உங்கள் போன் வழுக்குவதும் உண்மைதான். இதைப் புரிந்துகொண்டால் மற்ற பாதிக் கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக உங்களை நோக்கி இழுத்தால் பலம் போட வேண்டியிருக்கும். அதையே விரலால் கீழ்நோக்கித் தள்ளினால் சர்ரென்று போகும். காந்தம் பிடித்து இழுப்பது ஒரே திசையில்தான், பரப்புக்குச் செங்குத்தாக. பக்கவாட்டில் நகராமல் தடுப்பது காந்தம் அல்ல, இரண்டு பரப்புகளுக்கும் இடையில் இருக்கும் உராய்வு. வழுவழுப்பான பரப்பாக இருந்தால், நேராக இழுத்துப் பிரிக்கத் தேவைப்படும் விசையில் தோராயமாகக் கால் பங்கு கொடுத்தாலே நழுவ ஆரம்பித்துவிடும்.

பெட்டியில் போடும் கிலோ கணக்கு பொதுவாகத் தடித்த இரும்புத் தகட்டில் நேராக இழுத்துப் பார்த்தது. நீங்களோ போனை நிமிர்த்தி மாட்டுகிறீர்கள், எடை முழுக்கக் கீழ்நோக்கி, அதாவது காந்தத்துக்குப் பலம் குறைந்த திசையில் இழுக்கிறது. நடுவில் ஒரு கவர் வேறு. பெரிய போன் என்றால் 220, 230 கிராம் இருக்கும், அதோடு மைக் ரிசீவர், கேபிள் என்று சேர்ந்தால் கணக்கு நெருங்கிவிடும்.

என்ன செய்யலாம்? ஒட்டும் முகத்தில் ரப்பர் மாதிரியான மெல்லிய பட்டை உள்ள மவுண்ட்டாகப் பாருங்கள், உராய்வு அங்கிருந்துதான் வருகிறது. அதில் தூசியோ கை எண்ணெயோ படிந்தால் பிடி போய்விடும், ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் திரும்ப வந்துவிடும். புதிதில் நன்றாகப் பிடித்தது, இப்போது நழுவுகிறது என்று எழுதியவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள். காந்தம் அவ்வளவு சீக்கிரம் வலு இழக்காது. அப்புறம், மவுண்ட் தலையை லேசாகப் பின்னால் சாய்த்தால் போனின் எடை கொஞ்சம் மவுண்ட் மேலேயே இறங்கும். ஒரு சில டிகிரி போதும், படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

என்52 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது காந்தப் பொருளின் தரத்தைக் காட்டும் எண், பிடிமானத்தின் அளவு இல்லை. மெல்லிய என்52 வளையத்தைவிடத் தடித்த சாதாரண வளையம் நன்றாகப் பிடிக்கலாம்.

கவரோடு ஒட்டலாமா, கழற்ற வேண்டுமா?

காந்தம் வைத்த கவர் என்றால் அப்படியே ஒட்டுங்கள். சாதாரணக் கவர் என்றால் கழற்றுங்கள். காந்த விசை தூரத்தோடு மளமளவென்று குறையும், இரண்டு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் நடுவில் வந்தாலே வித்தியாசம் கையில் தெரியும்.

மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி வீடியோ எடுக்கிறேன் (படம் வரைவது). போன் விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான், ஆனால் எந்தக் கேமராவில் எடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே. இரண்டுக்கும் நிலைமை தலைகீழ்.

பின் கேமராவில் எடுத்தால் போனின் முதுகு மேசையைப் பார்த்து இருக்கும், திரை கூரையைப் பார்த்து இருக்கும். மவுண்ட் முதுகில்தானே ஒட்டுகிறது, ஆக மவுண்ட் கீழே, போன் அதன் மேல் படுத்திருக்கிறது. எடை காந்தத்தைப் பிரிப்பதற்குப் பதிலாக அழுத்துகிறது. விழுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மவுண்ட்டும் அதன் கையும் லென்ஸ் இருக்கும் அதே பக்கத்தில் இருப்பதால் அகலக் கோணத்தில், அதாவது 0.5-இல் வைத்தால், படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கம்பி எட்டிப் பார்க்கும். போனைத் திருப்பி, கேமரா இருக்கும் முனை கையிலிருந்து விலகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டி, 1-இல் எடுங்கள். திரை மேலே இருப்பதால் உட்கார்ந்தபடி பார்க்க முடியாது. அதனால் முதலில் எழுந்து நின்று ஒரு தடவை பார்த்து, படத்துக்குள் விழும் பகுதியின் நாலு மூலைகளிலும் மேசையில் சின்னச் சின்ன டேப் துண்டு ஒட்டிவிடுங்கள். பிறகு அந்தக் கட்டத்துக்குள் வேலை செய்தால் போதும்.

செல்ஃபி கேமராவில் எடுத்தால் போன் மவுண்ட்டிலிருந்து தொங்குகிறது. எடை நேராகக் கீழே இழுக்கிறது, இது காந்தத்துக்குப் பலமான திசைதான், அதனால் நல்ல மவுண்ட் தாங்கும். சிக்கல் சாய்க்கும்போது வருகிறது. நான் ஒரு முறை மை ஓவியம் எடுத்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம் தலைகீழாகச் சமர்த்தாகத் தொங்கியது. வெளிச்சம் தாளில் பளபளக்கிறதே என்று மவுண்ட்டைக் கொஞ்சம் சாய்த்தேன், அவ்வளவுதான், ஓர் ஓரமாக நழுவிப் புரண்டு ஈரமான தாளின் மேலேயே மல்லாக்க விழுந்தது. முதுகு கீழே பட்டதால் திரைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மூன்று லென்ஸிலும் மை. அன்றிலிருந்து மேலிருந்து எடுப்பதென்றால் பின் கேமரா மட்டும்தான். வெளிச்சம் பளபளத்தால் விளக்கை நகர்த்துங்கள், போனைச் சாய்க்காதீர்கள்.

எதில் எடுத்தாலும் ட்ரைபாடின் ஒரு கால் மவுண்ட் கை நீளும் திசையில் இருக்கட்டும், பின்னால் ஏதாவது கனமான பையைத் தொங்கவிடுங்கள். போன் காந்தத்திலிருந்து கழன்று விழுவதைவிட ட்ரைபாடோடு குப்புறச் சாய்வதுதான் அதிகம்.

படுக்கவைத்து எடுத்தால் பத்து நிமிடத்தில் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

வட்டமான காந்தத்தில் ஒட்டியிருக்கும் போன் சக்கரம் மாதிரி சுற்ற முடியும். கேமரா இருக்கும் பக்கம் கனம் கூடுதல், அதனால் அந்தப் பக்கம் மெதுவாக இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, எடிட் பண்ண உட்காரும்போது பின்னாலிருக்கும் அலமாரி சாய்ந்திருப்பது தெரியும். ஐபோனில் சுற்றாமல் இருக்க வளையத்துக்குக் கீழே ஒரு சிறு நீளக் காந்தம் இருக்கிறது, ஆனால் மவுண்ட்டிலும் அதற்கு இணை இருந்தால்தான் பயன், பல மவுண்ட்களில் அது கிடையாது.

கேபிள் சொருகியிருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. தொங்கும் கேபிளை ட்ரைபாடின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, போன் பக்கம் கொஞ்சம் தளர்வாக விட்டுவிடுங்கள். கேபிளே இல்லாமல் சாய்கிறது என்றால், நீளமான வீடியோவுக்குக் கிளாம்புக்கு மாறுவது நல்லது.

ரெக்கார்ட் பட்டனை அழுத்தும்போது படம் ஆடுகிறது.

ஆடட்டும், முதல் இரண்டு விநாடியை வெட்டிவிடுங்கள். அது பிடிக்கவில்லை என்றால் ஒரு புளூடூத் ரிமோட், அல்லது வால்யூம் பட்டன் உள்ள இயர்போன். பல போன்களில் அந்தப் பட்டனே ரெக்கார்டைத் தொடங்கும், நிறுத்தும். கூடவே வைப்ரேஷனை அணைத்து, 'தொந்தரவு செய்யாதே' போட்டுவிடுங்கள். அழைப்பு வந்து போன் அதிர்ந்தால் படமும் ஆடும், அந்த உர்ர் சத்தமும் மைக்கில் ஏறும், ஏற்கெனவே பிடி தளர்ந்து நிற்கும் போன் என்றால் நகரவும் செய்யும்.

காந்தம் கேமராவைக் கெடுக்குமா?

போனுக்கென்றே செய்த வளையக் காந்தம் கெடுக்காது. ஆனால் கேள்வி அர்த்தமில்லாதது இல்லை. பல போன்களில் கை நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸ் நகரும், அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் காந்த சென்சார் வைத்துத்தான் போன் கண்டுபிடிக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் வேறு காந்தம் வந்தால் அந்தச் சென்சார் குழம்பும். ஆப்பிளே இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறது. அதனால் வளைய ஸ்டிக்கரைக் கேமராவை ஒட்டி மேலே வைக்காதீர்கள். ஒட்டியபின் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்தால் முதலில் ஸ்டிக்கரைச் சந்தேகப்படுங்கள்.

திசைகாட்டி தப்பாகக் காட்டும், கழற்றினால் சரியாகிவிடும். கறுப்புக் காந்தப் பட்டை உள்ள அட்டைகளை மவுண்ட் இருக்கும் பையில் போடாதீர்கள்.

ஒன்று மட்டும் அலட்சியம் வேண்டாம். பேஸ்மேக்கர் மாதிரி கருவி உடலில் பொருத்தியிருப்பவர்கள் காந்தம் உள்ள போனையும் மவுண்ட்டையும் நெஞ்சருகில் வைக்கக் கூடாது. ஆப்பிள் சொல்லும் இடைவெளி 15 சென்டிமீட்டருக்கு மேல், வயர்லெஸ் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் 30 சென்டிமீட்டருக்கு மேல். கருவிக்குக் கருவி மாறலாம், மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

சார்ஜ் ஏறும் காந்த மவுண்ட் வாங்கினால் நீண்ட நேரம் எடுக்கலாமா?

எனக்குப் பிடிக்காத யோசனை. வீடியோ எடுப்பதே போனைச் சூடாக்கும், வயர்லெஸ் சார்ஜ் அதற்கு மேல் சூடாக்கும், முதலில் திரை மங்கும், பிறகு கேமராவே நின்றுபோகலாம். கேபிளில் போடுங்கள். முதுகில் பவர் பேங்க் ஒட்டி அதன்மேல் மவுண்ட்டை ஒட்டுவது இன்னும் மோசம், எடையும் கூடுகிறது, போன் மவுண்ட்டிலிருந்து தள்ளியும் போகிறது.

மோட்டார் பைக்கில் மாட்டி எடுக்கலாமா?

வேண்டாம். விழுவது ஒரு பக்கம், விழாவிட்டாலும் சிக்கல்தான். சக்திவாய்ந்த பைக் எஞ்சினின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பையும் ஃபோகஸையும் பாதிக்கலாம் என்று ஆப்பிள் 2021-இல் அறிவித்தது. காருக்குள், நிறுத்தி வைத்திருக்கும்போது பேசி எடுப்பதென்றால் சரி, ஆனால் வெயிலில் காயும் டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பசை இளகும், எடுத்து முடித்ததும் போனைக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

தோல் கவரில் வட்டமாகத் தடம் விழுந்துவிட்டது, போகுமா?

போகாது. வீடியோவுக்கென்று ஒரு பிளாஸ்டிக் கவர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.